மண்தட மிதிவண்டியும் அகல டயரும்: வாலிகண்டபுரம் வட்டார நிலத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மலைமிதிவண்டியின் டயர் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பது மிதிவண்டி வாங்குவோர் பலரும் கேட்கும் கேள்வி. அகலம் கூடினால் பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும், பஞ்சர் ஆகாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அகலம் கூடினால் வண்டி கனக்கும், மிதிப்பது கடினமாகும் என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டிலும் பாதி உண்மை உள்ளது. தமிழ்நாட்டில் இக்கேள்வி குடும்பச் செலவோடும் தொடர்புடையது. நான்கு அங்குல டயர் பூட்டிய 'ஃபேட் பைக்' வகை மிதிவண்டிகள் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கவரும் பொருளாக விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கித் தரும் பெற்றோருக்கு, அந்த அகலம் பயன்தருவதா, வெறும் தோற்றமா என்று தெரிந்துகொள்ளும் தேவை இருக்கிறது.

டயரின் பெறுமானத்தை அது ஓடும் நிலத்தை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது. எனவே இக்கட்டுரை பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரம் வட்டார நிலத்தை எடுத்துக்கொண்டு அகல டயர் பற்றிய கூற்றுகளைச் சீர்தூக்கிப் பார்க்கிறது.

நிலத்தின் இயல்பு

வாலிகண்டபுரம், சோழர் காலத் தொன்மை கொண்ட வாலீசுவரர் கோயிலால் அறியப்படும் ஊர். திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, பெரம்பலூருக்கு வடக்கே உள்ளது. அதற்கும் வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை. மேற்கே திருச்சி, சேலம், பெரம்பலூர் மாவட்டங்களில் பரவியுள்ள பச்சைமலை. மாவட்டத்தின் தெற்கே காரை, சாத்தனூர் போன்ற ஊர்களை ஒட்டி, கடலடியில் படிந்து உருவான பழைய படிவு நிலம்.

மிதிவண்டி ஓட்டுபவர் இங்கு சந்திக்கும் தரைகள் பலவகை. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காட்டின் வண்டித்தடம் ஒன்று. இறுகிய செம்மண்ணின் மேல் சிறுகற்கள் உருளும் சரளைத் தடம் மற்றொன்று. மலையடிவாரத்தில் பாறைத் துண்டுகளும் வேர்களும் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதை மூன்றாவது. ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் சீமைக்கருவேலம் மண்டிய முள்தடம் நான்காவது. இவை அனைத்தையும் இணைப்பது தார்ச்சாலை. ஊரிலிருந்து மலையடிவாரத்துக்குச் செல்பவர் வழியின் பெரும்பகுதியைக் கிராமத்துத் தார்ச்சாலையிலேயே கடக்கிறார். அகல டயரைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தார்ச்சாலைத் தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதே தடங்களில் வேலைக்காகவும் பள்ளிக்காகவும் மக்கள் ஓட்டுவது குறுகிய டயர் கொண்ட சாதாரண மிதிவண்டி. நம் ஊர் பழைய கருப்பு மிதிவண்டியின் டயர் 28 × 1½ அங்குலம். அதாவது சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் குறுகிய டயர் கொண்டதே. வேகத்தைக் குறைத்து, பள்ளம் பார்த்து ஓட்டி, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினால் இவற்றிலும் மண்தடத்தைக் கடக்கலாம். ஆகவே அகல டயர் இல்லாமல் இந்நிலத்தில் ஓட்டவே முடியாது என்ற வாதம் நிற்காது. இறங்காமல், வழுக்காமல், உடல் நோகாமல் ஓட்டுவதற்கு அது எவ்வளவு உதவும் என்பதே ஆராய வேண்டியது.

டயர் அகலத்தின் வரலாறு

அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 1933-இல் 2⅛ அங்குல அகலமுள்ள 'பலூன்' டயரை மிதிவண்டிக்கு அறிமுகப்படுத்தியது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய ஷ்வின் மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினர். 1976-இல் தொடங்கிய 'ரீபேக்' பந்தயம் இவ்வழியில் வந்தது. மலைமிதிவண்டி பிறந்ததே அக்காலச் சாலை மிதிவண்டியைவிட அகலமான டயரின் மீதுதான்.

பின்னர் பல ஆண்டுகள் 1.9 முதல் 2.2 அங்குலம் வழக்கமான அளவாக இருந்தது. பனியிலும் மணலிலும் ஓட்டுவதற்கான தேவையிலிருந்து தடித்த டயர் மிதிவண்டி உருவானது. சர்லி நிறுவனம் 2005-இல் 3.7 அங்குல டயருடன் வெளியிட்ட 'பக்ஸ்லி' அதைப் பரவலாக்கியது. அதே நிறுவனம் 2012-இல் மூன்று அங்குல டயருடன் 'கிராம்பஸ்' மிதிவண்டியைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 2.8 முதல் 3 அங்குலம் வரையிலான 'பிளஸ்' அளவே இனி எதிர்காலம் என்று விளம்பரம் செய்யப்பட்டது.

அந்த எதிர்காலம் வரவில்லை. மலைமிதிவண்டிகள் மெல்லமெல்ல 2.3 முதல் 2.6 அங்குலத்துக்குத் திரும்பின. கரடுமுரடான சரிவில் வேகமாக இறங்குவதையே தொழிலாகக் கொண்ட பந்தய வீரர்கள் பெரும்பாலும் 2.4, 2.5 அங்குல டயர்களையே பயன்படுத்துகின்றனர். ஏற்றமும் இறக்கமும் கலந்த குறுக்குநிலப் பந்தய வீரர்களோ இரண்டு அங்குலத்திலிருந்து 2.25, 2.4 என்று மேலே வந்தனர். ஒரு தரப்பு மேலிருந்து இறங்கியது. மறுதரப்பு கீழிருந்து ஏறியது. இரு தரப்பும் ஏறத்தாழ ஓரிடத்தில் சந்தித்தன. அகலம் பயன்தரும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இவ்வரலாறே முதல் சான்று.

அகலமும் காற்றழுத்தமும்

டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்றழுத்தம். பின்சக்கரத்தின் மேல் 54 கிலோ எடை இறங்குவதாகக் கொள்வோம். டயரில் 45 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 17 சதுர சென்டிமீட்டர். 25 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் அது 31 சதுர சென்டிமீட்டராகும். அகலமான டயரிலும் 45 பிஎஸ்ஐ காற்றை அடைத்தால் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம் மட்டுமே நீளவாக்கிலிருந்து அகலவாக்கிற்கு மாறும். எனவே அகல டயரை வாங்கிவிட்டு, கல்போல் இறுகும்வரை காற்றடித்து ஓட்டுபவருக்குப் பிடிப்பும் மென்மையும் சிறிதளவே கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்கமாகக் காற்றடிக்கும் வழக்கம், பாரம் ஏற்றும் வண்டிக்குப் பொருத்தமானது. மலைமிதிவண்டியின் பயனை அது கெடுத்துவிடுகிறது.

அகலம் தருவது காற்றைக் குறைத்து ஓட்டும் வசதியை. 2.1 அங்குல டயரோடு ஒப்பிட்டால் 2.6 அங்குல டயரின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. டயர் உயரமும் கூடுவதால், காற்று குறைவாக இருந்தாலும் கல்லில் மோதும்போது ரிம் அடிபடுவது குறைகிறது. டயர்ச் சுவரின் இறுக்கம் அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. ஆகவே 2.1 அங்குல டயரில் 30 பிஎஸ்ஐ தரும் இறுக்கத்தை 2.6 அங்குல டயரில் 24 பிஎஸ்ஐ தந்துவிடும்.

அகல டயர் எப்போதும் மெதுவானது என்ற எண்ணமும் முழுச் சரியல்ல. வழவழப்பான சாலையில் ஒரே அழுத்தத்தில் ஓட்டினால், ஒரே வகை ரப்பரும் நூலடுக்கும் கொண்ட அகல டயர் குறைவாகவே நசுங்கும்; எளிதாகவே உருளும். கரடுமுரடான தடத்தில், காற்று குறைந்த டயர் கல்லின் மேல் வளைந்து கொடுத்துச் செல்லும். காற்று நிறைந்த குறுகிய டயரோ வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். அவ்வாறு தூக்கிப் போடுவதில் வீணாகும் ஆற்றல் ஓட்டுபவரின் காலிலிருந்து வந்ததே. ஆனால் மண்தடத்துக்காகக் காற்றைக் குறைத்த டயருடன் தார்ச்சாலையில் ஏறினால் கணக்கு மாறுகிறது. அங்கே டயர் நசுங்கி நசுங்கி விரிவதால் ஆற்றல் வீணாகிறது. டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்கள் ஒவ்வொன்றும் சாலையில் மடங்கி எழுகின்றன.

தரைவாரியாக அகலத்தின் பயன்

சரளைத் தடம்: அகல டயரின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இது. இறுகிய மண்ணின் மேல் உருளும் சிறுகற்கள் மீது குறுகிய, இறுகிய டயர் வழுக்கும். திருப்பத்தில் முன்சக்கரம் விலகினால் விழுவதைத் தவிர்ப்பது கடினம். காற்று குறைந்த 2.4 அங்குல டயர் கற்களைச் சுற்றி அணைத்து, கீழே உள்ள இறுகிய மண்ணைப் பிடிக்கிறது. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் முடியாது. எனவே ஒரு டயருக்கு மட்டுமே பணம் இருந்தால், அகலமான டயரை முன்சக்கரத்தில் பூட்டுவதே அறிவுடைமை.

பாறையும் வேரும்: பச்சைமலையின் அடிவாரத்தைப் போன்ற இடங்களில் அகலம் உடல் அதிர்ச்சியைக் குறைக்கிறது. முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க் இல்லாத மிதிவண்டிக்கு இது பெரிய உதவி. ஆனால் 'அகல டயர் இருந்தால் சஸ்பென்ஷன் தேவையில்லை' என்ற கூற்று மிகை. நல்ல சஸ்பென்ஷன் அழுந்துவதோடு, மீண்டு எழும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். டயரிலுள்ள காற்று அழுந்திய வேகத்திலேயே திருப்பித் தள்ளும். மிக அகலமான டயர் வேகமான இறக்கத்தில் பந்துபோல் துள்ளுவதற்கு இதுவே காரணம். அதேவேளை, விலை குறைந்த வண்டிகளில் பூட்டப்படும் கனமான, சரிவர இயங்காத ஸ்பிரிங் ஃபோர்க்கைவிட, எளிய ஃபோர்க்கும் 2.4 அங்குல டயரும் கொண்ட வண்டி பலருக்கு நன்றாகவே பயன்படும்.

கரிசல்: காய்ந்த கரிசல் தடம் எந்த டயருக்கும் சிக்கல் தராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். நனைந்த கரிசல் மண் டயரில் அப்பி, சுற்றுக்குச் சுற்று தடித்து, ஃபோர்க்கிலும் சட்டத்திலும் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். இங்கு அகலம் கூடுதல் தொல்லை. அகல டயர் அதிக மண்ணைத் தூக்கும். சட்டத்துக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அதுவே விழுங்கியிருக்கும். சேற்றுக்கு ஏற்றது குறுகலான, பட்டன்கள் இடைவெளிவிட்டு அமைந்த டயர். அது மேல்சேற்றைக் கிழித்துக் கீழுள்ள கெட்டி மண்ணைத் தொடும். ஆழமான ஒட்டுக் கரிசலில் அதுவும் தோற்கும். அங்கே காயும்வரை வேறு வழியில் செல்வதே தீர்வு.

முள்: அகல டயர் பஞ்சர் ஆகாது என்பது விற்பனைப் பேச்சு. சீமைக்கருவேல முள்ளுக்கு டயரின் அகலம் ஒரு பொருட்டல்ல. அகலமான டயர் தரையில் கூடுதல் இடத்தை மிதிப்பதால் முள்ளைச் சந்திக்கும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. அமெரிக்க ஓட்டுநர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயரிட்டு அஞ்சும் முள் வேறொன்றுமல்ல, நம் நெருஞ்சிதான். கல்லில் மோதி டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே விழும் இரட்டைத் துளையை மட்டுமே அகலம் குறைக்கும். முள்ளுக்கு மருந்து, டியூப் இல்லாத டயரும் அதனுள் ஊற்றும் துளையடைக்கும் திரவமும்தான். அத்திரவம் நம் வெயிலில் விரைவாக உலரும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

ஏற்றம்: 2.6 அங்குல டயர்கள் இரண்டும் சேர்ந்து, 2.1 அங்குல இணையைவிட ஏறத்தாழ அரைக் கிலோ கூடுதலாக இருக்கலாம். ஆளும் வண்டியும் 90 கிலோ என்றால் இது அரை விழுக்காட்டுக்குச் சற்றே மேல். மலையேற்றத்தில் இதை உணர்வது அரிது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சக்கரத்தின் விட்டம். 27.5 அங்குலச் சக்கரத்தில் 2.1-க்குப் பதிலாக 2.6 பூட்டினால் வெளிவிட்டம் சுமார் 3.6 விழுக்காடு கூடும். கியர் அதே அளவுக்குக் கனத்துவிடும். செங்குத்தான ஏற்றத்தில் பின்சக்கரம் சுழலாமல் மண்ணைப் பிடிப்பது இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது.

ரிம்மும் சட்டமும்

அகல டயரின் பயன் குறித்த பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது ரிம். இடைநிலை விலை மிதிவண்டிகள் பலவற்றில் ரிம்மின் உள் அகலம் 19 முதல் 25 மில்லிமீட்டர். அதில் 2.6 அங்குல டயரைப் பூட்டினால் டயர் மின்விளக்குக் குமிழ்போல் மேலே விரிந்து அடியில் குறுகி நிற்கும். காற்றைக் குறைத்ததும் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும். காற்றைக் கூட்டினால் நெளிவு நிற்கும்; அகலம் தந்த பயனும் அதோடு போய்விடும். பொதுவாக 2.1 முதல் 2.25 அங்குலத்துக்கு 20–25 மில்லிமீட்டர், 2.4-க்கு 25–30 மில்லிமீட்டர், 2.6-க்கு 30–35 மில்லிமீட்டர் உள் அகலம் பொருத்தமானது.

சட்டத்தின் இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும். டயருக்கும் சட்டத்துக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஆறு மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. கரிசல் நிலத்தில் ஓட்டுபவருக்கு அதனினும் கூடுதலாக வேண்டும். டயரின் மேல் அச்சிட்ட அளவும் பூட்டியபின் உள்ள உண்மையான அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம், ரிம்முக்கு ரிம் வேறுபடும். பழைய வண்டியில் புதிய அகல டயரைப் பூட்ட நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது இவ்விரண்டையும்தான்.

நான்கு அங்குல டயரின் நிலை

'ஃபேட் பைக்' பனிக்கும் ஆழமான மணலுக்கும் பிறந்தது. அங்கே அதற்கு இணை இல்லை. கடற்கரை மணலில் குறுகிய டயர் புதைய, எட்டுப் பத்து பிஎஸ்ஐ காற்றுடன் அது மேலே மிதந்து செல்லும். பெரம்பலூர் வட்டாரத்தில் பனி இல்லை. ஆற்றுப்படுகையை விட்டால் ஆழ்ந்த மணல்தடமும் மிகக் குறைவு. இருப்பது சரளை, கரிசல், பாறை, தார்.

விலை குறைந்த ஃபேட் பைக்குகள் பல 16 கிலோவைத் தாண்டுகின்றன. சாதாரண மலைமிதிவண்டியைவிட நான்கு கிலோ கூடுதல் என்று கொண்டால், ஒரு மணி நேர ஏற்றத்தில் எடைக்கு மட்டுமே இரண்டரை நிமிடம் கூடுதலாகும். அவற்றுள் சில கியர் இல்லாமலும் விற்கப்படுகின்றன. அத்தகைய வண்டியில் பச்சைமலைச் சாலையில் ஏறுவது மாணவருக்குத் தண்டனையாகவே முடியும். காற்றைக் குறைத்தால் தார்ச்சாலையில் கைப்பிடி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். காற்றைக் கூட்டினால் பெரிய பந்துபோல் குதிக்கும். டியூப், டயர் மாற்ற வேண்டிய நாளில் அந்த அளவு உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்பதும் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

நாள்தோறும் பள்ளிக்குச் சில கிலோமீட்டர் தார்ச்சாலையில் சென்று, விடுமுறை நாளில் மட்டும் மண்தடம் போகும் மாணவருக்கு இவ்வண்டியின் அகலம் வாரத்தில் ஐந்தாறு நாள் சுமையாகவே இருக்கும். அதே பணத்தில் நல்ல பிரேக்கும், எளிய ஏற்றத்துக்கு இறங்கும் கியரும், 2.1 அல்லது 2.25 அங்குல டயரும் கொண்ட மிதிவண்டி அவருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

தடத்தைக் காத்தல்

அகல டயருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மற்றொரு வாதம், அது மண்ணைக் குறைவாகக் கிழிக்கும் என்பது. டயர் தரையில் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் உள்ள காற்றழுத்தத்துக்குச் சமம் என்பதால் இதில் உண்மை உண்டு. ஆயினும் இதை அனுமதிச்சீட்டாகக் கொள்ளக் கூடாத இடங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. காரைப் பகுதியின் ஓடைகள் அரித்த களிமண் மேடுகளில் கிரிட்டேசியக் காலக் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் பாதுகாக்கப்படுகிறது. காரை மேடுகள் படங்களில் மிதிவண்டி விளையாட்டுக்கென்றே அமைந்தவை போலத் தோன்றும். ஆனால் உதிரும் அந்தக் களிமண் சரிவில் எந்த டயரின் தடமும் அடுத்த மழைக்கு ஒரு புதிய அரிப்பு வாய்க்காலாகும். அங்கு நடந்து பார்ப்பதே முறை. பச்சைமலையின் காப்புக்காட்டுப் பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதி தேவை.

மதிப்பீடு

அகல டயர் பயனுள்ளதே. ஆனால் ஓர் அளவுக்குள். 1.95 அல்லது 2.1 அங்குலத்திலிருந்து 2.25, 2.4 அங்குலத்துக்கு மாறுவது வாலிகண்டபுரம் வட்டாரச் சரளையிலும் பாறையிலும் பிடிப்பையும் பாதுகாப்பையும் தெளிவாகக் கூட்டும். தார்ச்சாலையில் அதற்குக் கொடுக்கும் விலை சிறிது. 2.6 அங்குலம், 30 மில்லிமீட்டர் ரிம்மும் போதிய சட்ட இடைவெளியும் உள்ள வண்டிக்கு, மலைத்தடத்தையே முதன்மையாக ஓட்டுபவருக்கு ஏற்றது. அதற்கு மேற்பட்ட அகலம் இந்நிலத்தில் தரும் பயனைவிடச் சுமையே மிகுதி. பருவமழைக் காலத்தில் கரிசலை ஒட்டி ஓட்டுபவருக்கு 2.25-ஐத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

புதிய டயர் வாங்குவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உள்ளது. அழுத்தமானி உள்ள பம்பு ஒன்றைப் பெற்று, இப்போதுள்ள டயரில் இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் காற்றைக் குறைத்து, அதே தடத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ரிம் கல்லில் இடிக்கும் உணர்வோ, திருப்பத்தில் டயர் நெளியும் உணர்வோ வரும்போது நிறுத்தி, இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ள வேண்டும். சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் உள்ள 2.1 அங்குல டயரில் இது 30 முதல் 35 பிஎஸ்ஐக்குள் அமையக்கூடும். டியூப் இல்லாத 2.4 அங்குல டயரில் 22 முதல் 26. அவ்வாறு சரிசெய்த பின்னும் முன்சக்கரம் வழுக்கினால், ரிம் அடிக்கடி இடித்தால், அகலமான டயருக்குச் செலவிடுவதில் பொருள் உண்டு. இச்சோதனையிலேயே குறை தீர்ந்துவிட்டால், டயருக்கு வைத்திருந்த பணத்தைத் துளையடைக்கும் திரவத்துக்கோ நல்ல பிரேக் கட்டைக்கோ செலவிடுவது மேல்.